விதைக்கு விடும் பரங்கிக்கு மகரந்தம் வைப்பது எப்படி? வேலை முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிக்கிறது

தட்டையான, விலா விலாவாகக் கோடு விழும் பரங்கி ஒன்று, குடுவை மாதிரி நீண்டு வருவது ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தேன். அந்த முறை காய்கள் அதனதன் உருவத்தில் சரியாகவே வந்தன. விதை எடுத்து அடுத்த பட்டத்தில் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டிலும் சேராத ஏதோ ஒரு காய் தொங்கியது. தேனீக்கள் இந்தப் பூவுக்கும் அந்தப் பூவுக்கும் போய்வந்திருக்கின்றன. கலப்பு நடந்தால் அந்தக் காயின் உருவமோ சதையோ மாறாது, உள்ளே இருக்கும் விதையில்தான் மாற்றம் உட்கார்ந்திருக்கும். அதற்கப்புறம் விதைக்கு விடும் காய்க்கெல்லாம் நானே மகரந்தம் வைக்கிறேன். 4 பட்டமாக வகை மாறாமல் வருகிறது.

ஆண் பூ, பெண் பூ அடையாளம் எளிது. பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண். மெல்லிய நீண்ட காம்பு மட்டும் இருந்தால் ஆண். பெரும்பாலும் ஆண் பூக்கள்தான் முதலில் வரும், ஒன்றிரண்டு வாரம் வெறும் ஆண் பூவாகவே பூத்து உதிரும். பயப்பட வேண்டாம், கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. தழைச்சத்தை அள்ளிப் போட்டிருந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள். இலைதான் பெருகும், பெண் பூ தள்ளிப்போகும்.

சாயங்காலம்: எந்த மொட்டைக் கட்டுவது?

நான் மூன்று வாரம் வீணாக்கியது இந்த இடத்தில்தான். நாளைக்கு விரியப்போகும் மொட்டும், இன்று காலை விரிந்து மூடிய பூவும் சாயங்காலத்தில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் மஞ்சள், இரண்டும் மூடியிருக்கும். இன்று விரிந்து மூடிய பெண் பூவை எடுத்துக் கட்டினால் பிரயோசனமே இல்லை, ஏற்கெனவே தேனீ வந்துபோயிருக்கும்.

கிட்டே போய் நுனியைப் பாருங்கள். நாளைய மொட்டு விறைப்பாக நிற்கும். இதழ்கள் கூராக, ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காகச் சுருண்டிருக்கும். பச்சை குறைந்து நுனிப்பக்கம் மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கும். முழுப் பச்சையாக இருந்தால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. மூடிய பழைய பூவின் நுனி கசங்கியிருக்கும். விரலால் தொட்டால் ஈரத்துணி மாதிரி தொய்யும். இப்போதும் சந்தேகமாக இருந்தால் அந்தப் பூவை விட்டுவிடுங்கள், நாளைக்கு வேறு மொட்டு வரும்.

தேர்ந்தெடுத்த மொட்டின் நுனியில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள். ரப்பர் பேண்டு இதழை அறுக்கிறது, செலோ டேப்பைப் பிரிக்கும்போது இதழ் கிழிகிறது, துணி கிளிப் கனம். எல்லாம் போட்டுப் பார்த்து மாஸ்கிங் டேப்பில்தான் நின்றேன். ஒரு பெண் மொட்டுக்கு இரண்டு, மூன்று ஆண் மொட்டு வேண்டும். ஆண் மொட்டையும் கட்டத்தான் வேண்டும். கட்டாமல் விட்டால், விடிந்ததும் தேனீ அதில் இறங்கி அடுத்த வகையின் தூளை ஒட்டிவிட்டுப் போய்விடும். ஒரே வகையில் வேறு வேறு கொடிகளிலிருந்து ஆண் பூ கிடைத்தால் இன்னும் நல்லது.

காலை

பரங்கிப் பூ விடியும்போதே விரியும், வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். முதலில் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்து எடுங்கள். நடுவில் மஞ்சள் குச்சி நிற்கும். விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: மஞ்சள் தூள் விரலில் ஒட்டினால் சரி, ஒட்டாவிட்டால் அந்தப் பூ வேண்டாம்.

அப்புறம் பெண் பூவின் டேப்பைப் பிரியுங்கள். டேப் ஏற்கெனவே விட்டுப்போய் இதழ் விரிந்திருந்தால் அந்தப் பூவை விதைக்கு எடுக்க வேண்டாம். உள்ளே சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் நடுப்பகுதி, பெரும்பாலும் மூன்று மடல்களாக இருக்கும். ஆண் பூவின் மஞ்சள் குச்சியை எல்லா மடலிலும் சுற்றிவரத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும், விதையும் குறையும். தடவி முடித்த கையோடு பெண் பூவைத் திரும்ப மூடி டேப் சுற்றுங்கள். இதை மறந்தால் அடுத்த நிமிடமே ஒரு தேனீ உள்ளே இருக்கும்.

கடைசியாகக் காம்பில் ஒரு கலர் நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். காம்பு பருக்கும், இறுக்கிக் கட்டினால் நூல் உள்ளே பதிந்துவிடும்.

பிரஷ் வேண்டாமா என்று கேட்பார்கள். எனக்குப் பிடிக்காது. பாதித் தூள் மயிரிலேயே தங்கிவிடுகிறது, அதே பிரஷ்ஷை அடுத்த வகைக்கு எடுத்தால் நாம் தடுக்க நினைத்த கலப்பை நாமே செய்கிறோம்.

நான்கைந்து நாளில் பிஞ்சு பருத்துக் கீழ்நோக்கித் திரும்பினால் பிடித்துவிட்டது. மஞ்சளாகி உதிர்ந்தால் இன்னொரு பூவில் செய்யுங்கள். அதே கொடியில் முன்பே இரண்டு மூன்று காய் பெருத்துக்கொண்டிருந்தால் புதுப் பிஞ்சைக் கொடியே உதிர்த்துவிடும். அந்தக் காய்களைப் பறித்துவிட்டு முயலுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

*இராத்திரி மழை, காலையில் தூளே இல்லை.* நனைந்த மகரந்தம் உதவாது. மழை வரும்போல இருந்தால் ஆண் மொட்டை முந்தின சாயங்காலமே நீண்ட காம்போடு வெட்டி, வீட்டுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திவையுங்கள். காலையில் அங்கேயே விரியும், தூள் உலர்ந்து இருக்கும். தேனீயும் வராது. இப்போது மழை இல்லாத நாளிலும் நான் இப்படித்தான் செய்கிறேன்.

*சுரைக்காய்க்குக் காலையில் போனால் பூ வாடிக் கிடக்கிறது.* சுரையின் வெள்ளைப் பூ சாயங்காலம் விரிவது. பீர்க்கும் அப்படித்தான். மத்தியானமே மொட்டைக் கட்டி, அந்தி சாயும்போது தடவுங்கள். வெள்ளரி, பாகல் காலையில்.

*பரங்கியும் வெள்ளைப் பூசணியும் கலக்குமா?* கலக்காது. பெயரில்தான் உறவு, தாவர இனம் வேறு. நீளச் சுரையும் குண்டுச் சுரையும் ஒரே இனம், தாராளமாகக் கலக்கும்.

*கலப்பு விதையில் வந்த காய் கசக்கிறது, சாப்பிடலாமா?* கூடாது. சுரையோ பரங்கியோ, கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற நச்சு அது, சமைத்தாலும் போகாது. அழகுக்கு வளர்க்கும் குட்டிப் பரங்கி வகைகளோடு கலந்த விதையில் இது வரலாம். அந்தக் கொடியிலிருந்து விதை எடுக்காதீர்கள்.

நூல் கட்டிய காயை அவசரப்பட்டுப் பறிக்க வேண்டாம். தோலில் நகம் இறங்காத அளவுக்கு முற்றி, காம்பு மரம்போல் காய்ந்ததும் அறுத்து, இன்னும் 3 வாரம் நிழலில் வைத்துவிட்டு அப்புறம் உடையுங்கள். விதையைக் கழுவி, வளைத்தால் ஒடியும்வரை நிழலில் காயவையுங்கள். உறையில் போட்டதும் வகையின் பெயரையும் மகரந்தம் வைத்த தேதியையும் அப்போதே எழுதிவிடுங்கள், உலர்ந்தபின் இரண்டு வகை விதையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.