கூட்டுப் பாதுகாப்புக் கேள்விக்கு விடை எழுதுவது எப்படி

களுவாஞ்சிகுடியில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து தடுப்பதுதான் கூட்டுப் பாதுகாப்பு. "ஆக்கிரமிப்பு நடக்கும்போது கூட்டுப் பாதுகாப்பு முறை எந்தளவுக்குப் பயன்பட்டது?" என்று கேட்டால், பாதிப் பிள்ளைகள் ஐ.நா. பிறந்த கதையிலிருந்து தொடங்குவார்கள். அரைப் பக்கம் வீண். நேரே ஒரு போரை எடுத்து அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். படையெடுத்த நாட்டின் கையில் வீட்டோ (ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களுக்கு மட்டும் உள்ள, தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை) இருந்ததா? மற்ற வல்லரசுகளுக்கு அதனால் என்ன நட்டம்? தடை போட்டவர்கள் எதைத் தொடாமல் விட்டார்கள்?

கடைசிக் கேள்வியில்தான் புள்ளி இருக்கிறது. 1935 ஒக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் எண்ணெய் இல்லை. சுயஸ் கால்வாயும் திறந்தே கிடந்தது. இத்தாலியின் படைக் கப்பல்கள் அதன் வழியாகவே போயின. முசோலினியைப் பகைத்தால் ஹிட்லர் பக்கம் சாய்ந்துவிடுவார் என்று பிரித்தானியாவும் பிரான்சும் பயந்தன. 1936 மேயில் அடிஸ் அபாபா விழுந்தது, ஜூலையில் தடையும் நீங்கியது. "தடை தோற்றது" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த பந்திக்கு ஓடாதீர்கள். எண்ணெயும் கால்வாயும் விடையில் வரவேண்டும்.

அடுத்து குவைத். எங்கள் பக்கத்தில் அந்த நாட்டுக்கு அறிமுகம் தேவையில்லை, வகுப்பில் யாரோ ஒருவருடைய பெரியம்மாவாவது அங்கே வேலை செய்திருப்பார். 1990 ஓகஸ்ட் 2இல் ஈராக் புகுந்தது. அன்றைக்கே பாதுகாப்புச் சபையின் 660ஆம் தீர்மானம், ஈராக் வெளியேற வேண்டும் என்றது. நான்கு நாளில் 661, இந்த முறை எண்ணெயும் சேர்த்துத் தடை. நவம்பர் 29இல் படைபலத்துக்கு வழிவிட்ட 678: ஆதரவு 12, கியூபாவும் யேமனும் எதிர்ப்பு, சீனா வாக்களிப்பைத் தவிர்த்தது. ஈராக்கிடம் வீட்டோ இல்லை, வளைகுடா எண்ணெயோ எல்லோருக்கும் வேண்டும். ஆனாலும் போரை நடத்தியது அமெரிக்கா தலைமையிலான கூட்டணி. ஐ.நா. பட்டயத்தின் 43ஆம் உறுப்புரை சொன்ன ஐ.நா. படை இன்றுவரை உருவாகவே இல்லை. இதை எழுதும் பிள்ளைகள் குறைவு.

கொரியாவுக்கு ஒரு வரி போதும்: 1950இல் சோவியத் பிரதிநிதி பாதுகாப்புச் சபையைப் பகிஷ்கரித்திருந்ததால், தென்கொரியாவுக்கு உதவும் தீர்மானம் வீட்டோவிலிருந்து தப்பியது.

உக்ரைனில் முதற் கேள்வியே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. 2022 பெப்ரவரி 25இல் பாதுகாப்புச் சபையில் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை 11 நாடுகள் ஆதரித்தும் ரஷ்யா வீட்டோவால் தடுத்தது. விடயம் பொதுச் சபைக்குப் போனது. மார்ச் 2இல் 141 ஆதரவு, 5 எதிர்ப்பு. வாக்களிப்பைத் தவிர்த்த 35 நாடுகளில் இலங்கையும் ஒன்று. பொதுச் சபைத் தீர்மானம் ரஷ்யாவைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. உக்ரைனுக்கு ஆயுதம் கொடுத்த நாடுகள் 51ஆம் உறுப்புரையின் தற்காப்பு உரிமையைக் காட்டின. ஆகவே "முழுத் தோல்வி" என்று எழுதாமல், சபை முடங்கியபின் எந்த வழிகள் மிஞ்சின என்று எழுதுங்கள்.

"சேர், எங்கட சண்டைக்கு ஏன் அவங்க வரல்ல?" என்று யாராவது கேட்காத வருடம் இல்லை. நியாயமான கேள்வி. இந்த முறை ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்குவதைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது; உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதே என்கிறது பட்டயத்தின் 2(7)ஆம் உறுப்புரை. அமைதிக்கு ஆபத்து வரும்போது சபை நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் ஏழாம் அத்தியாயத்தின்கீழ் அதைத் தாண்டலாம், அதற்குச் சபை மனம் வைக்கவேண்டும். 2009இல் இலங்கைப் போர் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலுக்கே வரவில்லை. வகுப்பில் எவ்வளவு நேரமும் பேசுவோம். இந்த விடைக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள், அது வேறு வினா.

முடிவில் "வீட்டோவை ஒழிக்க வேண்டும்" என்று எழுத ஆசையா? எழுதுங்கள். கூடவே 108ஆம் உறுப்புரையையும் சேருங்கள்: பட்டயத்தைத் திருத்த வீட்டோ உள்ள அந்த ஐந்து நாடுகளும் சம்மதிக்க வேண்டும்.