உரையாடலில் முன்கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சிறுகதை எழுதுபவர்களின் கைப்பிரதிகளில், முன்கதையை, அதாவது கதை தொடங்குமுன் நடந்ததை, வாசகருக்குச் சொல்வதற்காகவே பேசப்படும் ஒரே வசனம் வேறுவேறு பெயர்களோடு வந்துகொண்டே இருக்கிறது. ஒற்றுப்பிழையும் மேற்கோள் குறியும் மெய்ப்புப் பார்க்கும்போது சரியாகிவிடும். இது அப்படிச் சரியாகாது.

இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் சொல்வது

"முருகா, நம்ம அப்பா ஏழு வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சுவலில போனப்புறம், பெரியப்பாகிட்ட கடன் வாங்கித்தானே நீ இந்தக் கடையை வெச்ச?"

அக்கா தம்பியிடம் பேசுகிறாள். இதில் தம்பிக்குத் தெரியாதது எது? எதுவுமில்லை. வாசகருக்காகத்தான் பேசுகிறாள் என்பது அந்த வரியிலேயே அம்பலமாகிவிடும். அடுத்த பக்கத்தில் அவள் கதறி அழுதாலும் நம்ப வராது. ஒரு நல்ல கதையே இந்த ஒரு வரியால் கெட்டுப்போவதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

எழுதி முடித்ததும் 'உனக்குத்தான் தெரியுமே', 'ஞாபகம் இருக்கா' என்று தொடங்கும் வசனங்களைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு தகவல்களை எண்ணுங்கள். மேலே இருப்பவை ஐந்து: அப்பாவின் சாவு, காலம், காரணம், கடன், கடை. இந்தக் காட்சிக்கு உயிர் கடன் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, பேச வருபவளுக்குச் சொல்ல ஒரு புதுச் சேதி கொடுங்கள்.

"பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தாரு."

"கேட்டாரா?"

"கேக்கல. காபிகூடக் குடிக்கல. அப்பா படத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு."

முருகன் கல்லாவைத் திறந்து, மூடினான்.

'மாலை போட்ட படம்' என்று அக்கா சொல்லவில்லை; சொல்லவும் மாட்டாள். ஏழு வருஷமும் நெஞ்சுவலியும் தேவைப்பட்டால் நாலு பக்கம் தள்ளி வரட்டும்.

உறவுச் சொல்லை வீணாக்குவது

"அப்பாவும் சித்தியும் கோயிலுக்குப் போயிருக்காங்க" என்று வாசலில் நிற்கும் பையன் சொன்னால், அம்மா இல்லாததும் அப்பாவின் இரண்டாம் கல்யாணமும் பெரும்பாலான வாசகர்களுக்குப் பிடிபட்டுவிடும். அதற்கு மேல் ஒரு பத்தி விளக்கம் எழுதுவது அந்தச் சொல்லையே கொல்வது. 'வாடா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நண்பன் 'வாங்க' என்கிறானா? இடையில் நடந்த சண்டையை உடனே சொல்லிவிடாதீர்கள்.

ஊருக்குப் புதியவரைக் கேள்வி கேட்க விடுவது

நல்ல உத்திதான். ஆனால் கேட்டதற்கெல்லாம் நேர்ப் பதில் வந்தால், மூன்றாவது கேள்வியில் அது போலீஸ் விசாரணை ஆகிவிடும். ஒரு கேள்விக்காவது பதில் சொல்பவர் பேச்சை மாற்றட்டும்.

சண்டையில் சரித்திரம்

கோபத்தில் பழையதை இழுப்பார்கள். வரிசையாக இழுக்க மாட்டார்கள்.

முதல் பக்கத்திலேயே எல்லாம்

வேண்டாம்.