ஏர்சாஃப்ட் ஆட ஆசையா? சிங்கப்பூரிலிருந்து தொடங்குவது இப்படி

தேசிய சேவை முடித்து வந்த தம்பிகளும், வார இறுதியில் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள நினைக்கும் அலுவலக நண்பர்களும் ஏர்சாஃப்ட் பற்றி, அதாவது சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கிகளோடு இரண்டு அணிகள் மோதும் விளையாட்டைப் பற்றி, என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என் பதிலும் ஒன்றே. துப்பாக்கி வாங்காதீர்கள். கண்ணுக்கும் காலுக்கும் செலவு செய்யுங்கள், துப்பாக்கியை ஆடும் இடத்தில் வாடகைக்கு எடுங்கள், நகர்வதையும் பேசுவதையும் இங்கேயே பழகிவிட்டுப் போங்கள். ஏன், எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சட்டம்

சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பிளாஸ்டிக் குண்டுதானே சுடுகிறது, பொம்மைதானே என்ற வாதம் எடுபடாது. 2021ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒரு முறையாவது புரட்டிப் பாருங்கள். இணையத்தில் ஆர்டர் செய்து வரவழைக்கலாம், பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரைக்கூட நாட்டுக்குள் விடாத ஊர் இது. பாலம் தாண்டி ஜொகூரில் ஆடலாமே என்றால், மலேசியாவிலும் அனுமதி கிடையாது.

அப்படியானால் எங்கே ஆடுவது? ஜப்பான், தைவான், ஹாங்காங், தாய்லாந்து. இந்த விளையாட்டு பிறந்த இடமே ஜப்பான்தான். நிஜத் துப்பாக்கி வைத்திருக்கக் கடும் கட்டுப்பாடு உள்ள நாடு என்பதால், 1970களில் மாதிரித் துப்பாக்கிகளை வைத்து ஆட ஆரம்பித்தார்கள். 1991ல் டோக்கியோ மருயி நிறுவனம் பேட்டரியில் ஓடும் துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. டோக்கியோவை ஒட்டிய சிபாவில் நிறைய களங்கள் இருக்கின்றன. தனியாகப் போகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும் பொது ஆட்ட நாட்கள் அங்கே வழக்கம். துப்பாக்கி, கண் கவசம் எல்லாம் சேர்த்து வாடகைக்குத் தருவார்கள். ஆக, விடுமுறைப் பயணத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினால் போதும். திரும்பும்போது மட்டும் மேகசின் (துப்பாக்கியில் மாட்டும் குண்டுப் பெட்டி), குண்டு, துப்பாக்கியின் சின்ன பாகம் எதுவும் பையில் தங்கிவிடாதபடி பாக்கெட்டுகளை உதறிவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள்.

இரண்டாம் படி: இங்கேயே பழகுங்கள்

பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. சிங்கப்பூரில் ஒளிக்கதிரால் சுடும் லேசர் டேக் தாராளமாகக் கிடைக்கிறது, உரிமம் பெற்ற இடங்களில் சாய உருண்டை சுடும் பெயின்ட்பாலும் ஆடலாம். இரண்டும் வேறு வேறு பாடம் சொல்லித் தரும். லேசர் டேக்கில் வலி கிடையாது, அதனால் மூலையைத் திரும்புவது, ஜோடியாக நகர்வது, கூப்பிட்டுப் பேசுவது இதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். பெயின்ட்பாலில் பயம் வரும். மூன்று கிராம் எடையுள்ள உருண்டை பத்து ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோடு வந்து விழும்போது, பலகைக்குப் பின்னால் உடம்பை எப்படிச் சுருக்கிக்கொள்வது என்பதை யாரும் சொல்லித் தரவே வேண்டாம். அதன் பிறகு ஒரு ஜூல் ஏர்சாஃப்ட் குண்டு உங்களைப் பெரிதாக அசைக்காது.

பொம்மைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு புளோக்குக் கீழேயோ பூங்காவிலோ பயிற்சி செய்யாதீர்கள். பார்த்து மிரண்ட யாராவது 999ஐ அழைத்தால், விளையாட்டு என்று விளக்கிக்கொண்டிருப்பதற்குள் பொழுது போய்விடும். வெறுங்கையோடு நகர்ந்து பழகினாலே போதும்.

மூன்றாம் படி: கண்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த விளையாட்டில் திருத்த முடியாத காயம் என்றால் அது கண்ணில் படும் காயம்தான். மற்றதெல்லாம் சிவப்புத் தடிப்பு, இரண்டு நாளில் மறையும்.

கவசம் வாங்கும்போது கண்ணாடியிலும் சட்டகத்திலும் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 166ல் (EN 166) எஃப் (F) என்று இருந்தால், 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினால் தாங்கும் என்று பொருள். பி (B) என்று இருந்தால் 120 மீட்டர். பி வாங்குங்கள். அமெரிக்கத் தரமென்றால் இசட்87 (Z87) என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்க வேண்டும். எந்தக் குறியும் இல்லாத மலிவான கண்ணாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வெறும் கண்ணாடி போல மாட்டும் வகையில் கன்னத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவே சந்து இருக்கும், கீழிருந்து வரும் குண்டு அதில் நுழையும். முகத்தோடு ஒட்டி, சுற்றிலும் நுரை வைத்து அடைக்கும் வகையே சரி. கம்பி வலைக் கண் கவசம் பனிக்காது என்பதால் பலர் விரும்புவார்கள், ஆனால் குண்டு உடைந்து தூளானால் அந்தத் தூள் வலைக்குள் புகும். கண்ணுக்கு அது வேண்டாம், வாய்க்கு மட்டும் வலைக் கவசம் போடுங்கள். முன்பல்லில் குண்டு பட்டால் பல் உடையும், பல் மருத்துவர் கட்டணம் உங்களுக்கே தெரியும்.

நம் ஊர் ஆட்களுக்குப் பெரிய தலைவலி கவசம் பனிப்பது. வியர்வையும் மூச்சும் கண்ணாடியில் படிந்து, ஐந்து நிமிடத்தில் எதிரே இருப்பது மரமா மனிதரா என்றே தெரியாது. இரட்டை அடுக்குக் கண்ணாடி வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். ஒற்றை அடுக்கு என்றால், முந்தைய இரவு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை விரலில் எடுத்து உள்பக்கம் மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் பருத்தித் துணியால் கோடு தெரியாத வரை துடையுங்கள். இரட்டை அடுக்கில் உள்பக்கம் பனிக்காமலிருக்க ஏற்கெனவே பூச்சு இருக்கும், அதைத் தேய்த்துவிடாதீர்கள், அந்த வகைக்கு நிறுவனம் சொல்லும் திரவம் மட்டும் போதும். பாங்காக் மாதிரி வெக்கையான ஊரில், குளிரூட்டிய அறையில் இரவெல்லாம் கிடந்த கவசத்தை எடுத்ததும் மாட்டாதீர்கள், அரை மணி நேரம் வெளியே வைத்துச் சூடாக விடுங்கள். வாங்கியதும் வீட்டில் போட்டுக்கொண்டு பத்து மாடி ஏறிப் பாருங்கள். அங்கே பனித்தால் களத்தில் நிச்சயம் பனிக்கும்.

ஆட்டத்தின் நடுவே பனித்துவிட்டால் கவசத்தைத் தூக்காதீர்கள், ஒரு நொடிகூட. கையை உயர்த்தி "ஹிட்" (குண்டு பட்டுவிட்டது) என்று சொல்லிவிட்டு வெளியே நடந்து போய், பாதுகாப்புப் பகுதியில் கழற்றித் துடையுங்கள்.

நான்காம் படி: உடை, காலணி

இது சுலபம். பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் ஆர்மி மார்க்கெட்டுக்குப் போனால் கையுறை, முழங்கால் பட்டை, தொப்பி எல்லாம் ஒரே சுற்றில் வாங்கலாம். கணுக்காலைப் பிடிக்கும் மலையேற்றக் காலணி, முழுக்கை, கழுத்தில் சுற்ற ஒரு துணி, பாக்கெட்டில் பளிச்சென்ற சிவப்புத் துணி ஒன்று. தேசிய சேவையில் தந்த நம்பர் 4 உடையை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். அது ராணுவச் சீருடை, வேறு நாட்டில் விளையாட்டுக்குப் போடும் உடுப்பு கிடையாது. பச்சையோ பழுப்போ பழைய சட்டை தாராளமாகப் போதும்.

ஐந்தாம் படி: வாடகைக்கு எதைக் கேட்பது

மூன்று வகை உண்டு. ஸ்பிரிங் வகையில் ஒவ்வொரு முறையும் இழுத்துச் சுட வேண்டும். கேஸ் வகையில் கைக்கு நல்ல உதைப்பு கிடைக்கும், ஆனால் குளிர்காலத்தில் அழுத்தம் குறைந்து சோர்ந்துவிடும், ஜனவரியில் ஜப்பான் போகிறவர்கள் கவனிக்க. பேட்டரியில் ஓடும் மின்சார வகை வெயிலிலும் குளிரிலும் ஒரே மாதிரி சுடும். முதல் நாளுக்கு அதையே கேளுங்கள், குட்டையானதாக, எடை குறைந்ததாக. நீளமான ஸ்னைப்பர் மேல் எல்லோருக்கும் ஆசை வரும். புதிதாக வந்தவர் அதை எடுத்தால் நாள் முழுக்க ஒரு புதருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார்.

குண்டு 6 மில்லிமீட்டர், எடை 0.20 கிராமிலிருந்து மேலே போகும். 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் ஒரு ஜூல். ஜப்பானில் சட்ட வரம்பு அதற்குச் சற்றுக் கீழே, 0.98 ஜூல். ஹாங்காங்கில் 2 ஜூல். காட்டுக்களத்தில் 0.25 கிராம் எடுங்கள், வேகம் குறைந்தாலும் காற்றில் அவ்வளவாக அலையாது. வெளிக்களங்களில் மண்ணில் மக்கும் குண்டுதான் போட வேண்டும் என்று கேட்பார்கள், அங்கேயே விற்பார்கள்.

ஆறாம் படி: களத்தில் முதல் அரை மணி நேரம்

பாதுகாப்புப் பகுதியில் மேகசின் துப்பாக்கியில் இருக்கக் கூடாது, விரல் விசையில் இருக்கக் கூடாது. வேகம் அளக்கும் கருவி முன் சுட்டுக் காட்டச் சொன்னால் காட்டுங்கள். அப்புறம் சுடும் பயிற்சி இடத்துக்குப் போய் ஹாப்-அப் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் ஆடப் போனால் நாள் வீண்.

ஹாப்-அப் என்பது குழலின் பின்முனையில் மேலிருந்து குண்டை லேசாக அழுத்தும் ஒரு ரப்பர். குண்டு அதில் உரசிப் பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கிறது, அந்தச் சுழற்சி அதைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறது. முதலில் அதன் திருகுச் சக்கரத்தை முழுவதும் தளர்த்திவிட்டு ஒவ்வொன்றாகச் சுடுங்கள், குண்டு இருபது மீட்டரிலேயே தலை கவிழும். சிறிது சிறிதாக முடுக்கிக்கொண்டே சுடுங்கள். வெள்ளைக் குண்டு போவது கண்ணுக்குத் தெரியும். நேராகப் போய், கடைசியில் இலேசாக மிதந்து விழுந்தால் சரி. பாதி வழியில் மேலே ஏறினால் அதிகம், ஒரு பல் பின்னே திருப்புங்கள்.

குண்டு பட்டால் "ஹிட்" என்று உரக்கச் சொல்லி, சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வெளியே வரவேண்டும். பெயின்ட்பால் மாதிரி இதில் சாயம் ஒட்டாது, பட்டது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஆட்டமே அந்த நேர்மையில்தான் ஓடுகிறது. பையில் பட்டதா, சட்டையில் பட்டதா என்று சந்தேகம் வந்தால் பட்டதாகவே வைத்துக்கொண்டு வெளியேறுங்கள். எதிரணிக்காரர் ஏமாற்றுகிறார் என்று தோன்றினால் அவரிடம் சண்டைக்குப் போகாமல் நடுவரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் தடித்த உடுப்பில் பட்டது அவருக்கே தெரிந்திருக்காது.

ஏழாம் படி: அணியாக ஆடுவது

நன்றாகச் சுடுகிற நான்கு பேரைவிட, பேசிக்கொண்டு நகர்கிற நான்கு பேர் பலசாலிகள். அணியை இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் நகரும்போது மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். "போறேன்", "போ", "வந்துட்டேன்", இந்த மூன்று சொல் போதும். "போ" வராமல் யாரும் மறைவிடத்தைவிட்டு எழக் கூடாது. ஜோடிகளுக்கு நடுவே ஐந்து மீட்டராவது விடுங்கள், சேர்ந்து நின்றால் ஒரே வரிசைச் சூட்டில் எல்லோரும் போய்விடுவீர்கள்.

எதிரியைக் கண்டால் திசை, அடையாளம், எண்ணிக்கை என்ற வரிசையில் சொல்லுங்கள்: "வலது, நீல ட்ரம், ரெண்டு பேர்." "அங்கே, அங்கே!" என்று கத்துவதால் யாருக்கும் எதுவும் புரியாது. சிபாவிலோ பாங்காக்கிலோ தமிழில் கூப்பிட்டால் எதிரணிக்கு ஒரு சொல்கூட விளங்காது என்பது நமக்கு நல்ல வசதி. அதே சமயம் உங்கள் அணியில் உள்ளூர்க்காரர்களும் இருப்பார்கள், ஆட்டம் தொடங்கும் முன் கை சைகை நான்கைந்தை அவர்களோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மறைவிடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு கை தூரம் பின்னால் நின்றால் குழல் வெளியே நீட்டாது, பார்வையும் அகலமாகக் கிடைக்கும். மேலே தலையை நீட்டாமல் பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள், ஒரே இடத்தில் இரண்டு முறை எட்டிப் பார்க்காதீர்கள். மூலையைத் திரும்பும்போது சுவரைவிட்டு விலகி, அடி அடியாக வட்டமாக நகர்ந்தால் உள்ளே இருப்பவரின் தோளோ முழங்கையோ முதலில் உங்களுக்குத் தெரியும். பார்க்காமல் கையை மட்டும் நீட்டிச் சுடுவது பெரும்பாலான களங்களில் தடை.

ராணுவத்தில் பழகியவர்கள் இங்கே சிலதை மாற்றிக்கொள்ள வேண்டும். எதிரி சுட்டதும் தரையில் படுத்துவிடும் பழக்கம் உதவாது. இந்தக் குண்டு நாற்பது ஐம்பது மீட்டர்தான் பயன்படும், அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதற்குள் ஓடுகிறவர் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போயிருப்பார். படுத்தவரை யாராவது சுற்றி வந்து சுலபமாக முடித்துவிடுவார்கள். நிஜத் தோட்டா துளைத்துப் போகும் புதர் இங்கே குண்டைத் திருப்பிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இலைகளுக்குப் பின்னால் இருப்பவரை இலைகள் வழியே சுட்டு வீணடிக்காமல் இடம் மாறுங்கள்.

முதல் நாளில் ஒரே ஒரு உத்தியை மட்டும் முயலுங்கள். ஒரு ஜோடி முன்னால் நின்று இடைவிடாமல் ஒவ்வொன்றாகச் சுட்டு எதிரியைத் தலை தூக்க விடாமல் வைக்கட்டும், இன்னொரு ஜோடி சத்தமில்லாமல் பக்கவாட்டில் சுற்றிப் போகட்டும். சுடுகிற ஜோடிக்குத்தான் இங்கே பொறுமை வேண்டும். சுற்றிப் போனவர்கள் சேரும்வரை முன்னேறக் கூடாது, முன்னேறினால் எதிரி பின்வாங்கி, சுற்றிப் போகிறவர்கள் மேலேயே நேராகப் போய் விழுவார். சேர்ந்ததும் அவர்கள் ஒரு சொல் கத்தட்டும், அதைக் கேட்டதும் முன்ஜோடி சுடுவதை நிறுத்தட்டும், இல்லாவிட்டால் நம் ஆளையே நாம் அடிப்போம்.

ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டே, ஒவ்வொருவரும் எந்தத் திசையிலிருந்து அடி வாங்கினோம் என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு ஒரே பக்கத்திலிருந்து விழுந்திருந்தால் அந்தப் பக்கத்தை யாருமே பார்க்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஒருவரை அங்கே நிறுத்துங்கள், ஜோடியையும் மாற்றிப் போடுங்கள்.