வேலை சென்னையில், வீடு லிஸ்பனில்: கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி ஊழியர்கள் பலருக்கு இந்த ஆசை உண்டு: இதே வேலையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் சில வருடம் குடியிருக்கலாமே! போர்ச்சுகல் இதற்கென்றே 2022 அக்டோபரில் டி8 விசாவைக் கொண்டுவந்தது. அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் வேண்டும். 2025 கணக்குப்படி மாதம் 3,480 யூரோ. இதுவரை எல்லோரும் தேடிப் படித்துவிடுகிறார்கள். சிக்கல் வருவது மற்ற இடங்களில்.

பெரிய தவறு, மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது. நீங்கள் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தால், உங்கள் நிறுவனமே அந்த நாட்டில் தொழில் நடத்துவதாக அங்குள்ள வரித்துறை எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மென்பொருள் கோடு (code) எழுதுபவருக்கு இந்த அபாயம் குறைவு. வாடிக்கையாளர்களிடம் பேசி ஒப்பந்தம் முடிப்பவருக்கு அதிகம். அப்புறம், வாடிக்கையாளரின் தரவை இந்தியாவுக்கு வெளியிலிருந்து தொடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கலாம். விபிஎன் (இணையத்தில் நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் வசதி) போட்டு மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது வேலைக்கே உலை வைக்கும். எந்த நாடு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, வரியும் காப்பீடும் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஹெச்ஆர் தரும் கடிதத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். விசாவுக்கும் வேலை ஒப்பந்தமோ நிறுவனத்தின் கடிதமோ கேட்பார்கள்.

அடுத்தது வரி. "சம்பளம் இந்தியக் கணக்கில்தானே விழுகிறது, வரியும் இங்கேயே பிடிக்கிறார்களே" என்று நினைப்பது தவறு. 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் போர்ச்சுகலில் இருந்தால் நீங்கள் அங்கே வரிக் குடியிருப்பாளர். உலகில் எங்கிருந்து வந்தாலும் உங்கள் வருமானம் அவர்கள் கணக்கில் சேரும். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, அங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதனால் கிளம்பும் மாதம் முக்கியம். டிசம்பரில் விமானம் ஏறினால், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளை ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள். அந்த ஆண்டு முழுக்க இங்கேயும் குடியிருப்பாளர்தான். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையே இருக்கிறது. ஆனால் சலுகை தானாக வராது, சான்றிதழ்களோடு கேட்டு வாங்க வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, இரு நாட்டு விதியும் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள். அந்தக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பழைய யூடியூப் வீடியோக்களை நம்பிக் கணக்குப் போடுவதும் நடக்கிறது. பத்து வருடத்துக்கு 20 சதவீதம்தான் வரி என்று அவற்றில் சொல்லப்படும் என்ஹெச்ஆர் திட்டம் (போர்ச்சுகலில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கான வரிச் சலுகை), 2024 முதல் புதிதாக வருபவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இடைக்கால விலக்கு சிலருக்கு மட்டும் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த திட்டம் குறுகியது, எல்லா வேலைக்கும் பொருந்தாது.

இபிஎஃப் (ஊழியர் சேமநல நிதி) விஷயமும் இருக்கிறது. இந்தியா–போர்ச்சுகல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் இங்கே இபிஎஃப் கட்டுபவர் அங்கேயும் சமூகப் பாதுகாப்புத் தொகை கட்டாமலிருக்க அது தரும் விலக்கு, நிறுவனம் அனுப்பிவைக்கும் ஊழியர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. சொந்த விருப்பத்தில் போகும் உங்களுக்குப் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீண்டகாலம் தங்கப் போனால் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதி அது. ஓடிபி வரும் சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். அலுவலகக் குழுக் காப்பீடு பெரும்பாலும் இந்திய மருத்துவமனைகளுக்கு மட்டும்தான், எனவே அங்கே செல்லுபடியாகும் பாலிசி தனியாக எடுக்க வேண்டும்.

கடைசியாக, நேரம். லிஸ்பன் நமக்குக் கோடையில் நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். சென்னையில் காலை 10 மணி மீட்டிங் என்றால் ஜனவரியில் அங்கே விடிகாலை 4:30. வாரத்துக்கு ஐந்து நாள், வருடக்கணக்கில் அதைத் தாங்க முடியாது. மீட்டிங்கை மதியத்துக்கு மாற்ற டீம் ஒத்துக்கொள்கிறதா என்பதை, வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.