சர்க்கரைக் கரைசலில் ஒரு தூரிகை வீச்சு: வண்ண எட்சிங் தொடக்கப் பாடம்

பியர் சூலாஜ், ஹான்ஸ் ஹார்டுங் போன்ற அரூப ஓவியர்களிடம் கையின் வீச்சுதான் ஓவியம். அவர்கள் எட்சிங்கும் (உலோகத் தகட்டை அரித்துப் பள்ளமாக்கி, அதில் மை ஏற்றி அச்சிடும் முறை) செய்தவர்கள். ஊசியால் கீறினால் கோடு மட்டும் கிடைக்கும். தூரிகையின் அகலமும் மயிர் பிரிந்த தடமும் தகட்டில் ஏற வேண்டுமானால் சர்க்கரை முறையே நல்லது.

1. 1 மி.மீ. கனமும் 15×20 செ.மீ. அளவும் உள்ள அலுமினியத் தகட்டை எடுத்து, ஓரங்களை அரத்தால் சரிவாக்குங்கள். கூராக விட்டால் அச்சில் தாள் கிழியும். பாத்திரம் தேய்க்கும் பவுடரால் எண்ணெய்ப் பசை போகத் தேயுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் தகடு தயார். பின்பக்கம் முழுக்க பேக்கிங் டேப் ஒட்டுங்கள்.

2. 50 மி.லி. சுடுநீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்து ஆறவிட்டு, 30 மி.லி. இந்தியன் இங்க், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேருங்கள். திரவம் இல்லையேல் கோடு தகட்டில் சுருங்கித் திட்டாகும். அகலத் தூரிகையால் ஒரே மூச்சில் வீசுங்கள். திருத்தப் போனால் வீச்சு செத்துவிடும். பிடிக்காவிட்டால் கழுவிவிட்டு மறுபடி வீசுங்கள்.

3. புதுச்சேரியில் சிக்கல் இங்கேதான். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றில் காயவே காயாது. ஃபேனுக்கடியில் ஓர் இரவு வையுங்கள். தொட்டால் லேசாக ஒட்டலாம், விரலில் மை வரக்கூடாது. பிறகு டர்பன்டைன் கலந்து நீர்த்த பிளாக் ஜப்பானை (அரிப்பைத் தடுக்கும் கறுப்பு வார்னிஷ்) தகட்டின் மேல் ஊற்றிச் சாய்த்து வழியவிடுங்கள். தூரிகையால் பூசினால் கோடு இழுபடும். படலம் தேன்நிறமாகத் தெரிய வேண்டும். கறுப்பாகத் தடித்தால் தண்ணீர் உள்ளே போகாது.

4. நன்றாகக் காய்ந்ததும் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சர்க்கரை கரைந்து மேலுள்ள படலத்தை உரித்துக்கொண்டு வரும். வராத இடத்தைப் பஞ்சால் மெல்ல வருடுங்கள்.

5. பிளாஸ்டிக் தட்டில் 1 லிட்டர் தண்ணீருக்கு 75 கிராம் மயில்துத்தம் (உரக்கடையில் கிடைக்கும்), 75 கிராம் உப்பு கரைத்து, தகட்டை அதில் அமிழ்த்துங்கள். கையுறை, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஹைட்ரஜன் கிளம்பும், ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். செந்நிறச் செம்புக் கசடு படியப் படிய இறகால் தள்ளுங்கள். தேங்கினால் அரிப்பு திட்டுத்திட்டாகும். அலுமினியம் இதில் சொரசொரப்பாக அரிபடுவதால் அகலக் கோடும் மை பிடிக்கும், அக்வாடின்ட் (அகலப் பரப்பு மை பிடிக்கப் பிசின் பொடி தூவி அரிக்கும் முறை) தேவைப்படாது. தகட்டைக் கழுவி நகத்தால் வருடினால் படி தட்டுப்படும்வரை விடுங்கள். கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், செம்பு மீன்களுக்கு நஞ்சு. சலவைச் சோடா சேர்த்துச் செம்பைப் படியவைத்து, வடிகட்டிக் கசடைத் தனியே வையுங்கள்.

6. படலத்தை டர்பன்டைனால் துடைத்ததும் வண்ணம். ஒரே தகட்டில் பல நிறம் ஏற்றும் இந்த முறையை 1950களில் பாரிஸின் அட்லியே 17 பட்டறையில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர், முன்பு சென்னை கலாக்ஷேத்திராவில் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி. முதலில் கறுப்பு மையைப் பள்ளங்களில் அழுத்தி, கஞ்சி போட்ட மல் துணியால் மேற்பரப்பைத் துடையுங்கள். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் கலந்து இளக்கிய நீலத்தைக் கெட்டி ரோலரால் ஒரே ஒரு முறை உருட்டுங்கள்; அது மேட்டை மட்டும் தொடும். கடைசியாக, எண்ணெய் சேர்க்காத இறுகிய மஞ்சளை மெத்தென்ற ரோலரால் உருட்டினால் பள்ளத்தில் இறங்கும். எண்ணெய் மிகுந்த நீலம் அதைத் தன்மேல் ஒட்டவிடாது. எல்லாம் பச்சையாகக் கலங்கினால் நீலத்தில் எண்ணெய் போதவில்லை, சில சொட்டு கூட்டுங்கள்.

ஈரப்படுத்திய தடித்த பருத்திக் காகிதத்தில் அச்சிடுங்கள். கைக்காகிதத்தில் பசை குறைவாக இருந்தால் ஊறவைக்காமல் தெளித்து ஈரமாக்கினால் போதும். ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டைத் துடைத்து மூன்று மையையும் புதிதாக ஏற்ற வேண்டும்.