தண்ணீர்கூடத் தங்காத மசக்கை: மலைவாசிகள் செய்ய வேண்டியவை

மசக்கை என்றால் வாந்தி இருக்கத்தான் செய்யும். காலையில் இரண்டு தடவை ஓங்கரித்துவிட்டு, பத்து மணிக்கு ரசம் சாதம் இறங்கிவிட்டால் அதற்கு வைத்தியம் வேண்டாம். குடித்த தண்ணீர் கால் மணி நேரத்தில் திரும்பி வருகிறது, பத்து நாளில் ரவிக்கை தொளதொளத்துப் போகிறது, குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு. அதற்கு மிகை வாந்தி நோய் என்று பெயர். டாக்டர் சீட்டில் ஹைப்பர்எமெசிஸ் என்று எழுதுவார். நூறு கர்ப்பிணிகளில் ஒன்றிரண்டு பேருக்கு வரக்கூடியது.

"நாங்களெல்லாம் மாத்திரை போட்டா பெத்தோம்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்றைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் விடுகின்றன. கர்ப்பத்துக்கு முன் யாருடைய உடம்பில் அது குறைவாக இருந்ததோ, அவர்களை அதன் திடீர் உயர்வு கடுமையாகத் தாக்குகிறது என்று 2023 இறுதியில் வெளியான ஆய்வு காட்டியது. மாமியார் தாங்கியதை மருமகள் தாங்காததற்கு இப்படி உடம்பில் காரணம் இருக்கிறது. மனசு பலவீனம், செல்லம், வேலைக்குச் சோம்பல் என்ற பேச்செல்லாம் அநியாயம்.

நீலகிரியில் இந்த நோய் இரண்டு வகையில் கூடுதல் ஆபத்து. குளிரில் தாகமே தெரியாது. உடம்பு வற்றிக்கொண்டிருப்பது நமக்கே உறைக்காது. இரண்டாவது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைப்பாதை கிடக்கிறது. அதனால் கீழ்நாட்டுக்காரர்களைவிட ஒரு நாள் முன்பே முடிவெடுக்க வேண்டும்.

அளந்து வையுங்கள்

வாந்தியின் எண்ணிக்கையைவிட எடையும் சிறுநீரும்தான் உண்மை பேசும். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு 5 குறைந்தால் அது நோய். 50 கிலோ இருந்தவர் 47.5 ஆனால் கணக்கு வந்துவிட்டது. 44 கிலோ இருந்தவருக்கு 2.2 கிலோ இழப்பே போதும். வாரம் இரண்டு முறை, ஒரே எடை மெஷினில், ஸ்வெட்டரும் சால்வையும் இல்லாமல் பாருங்கள். ஊட்டிக் குளிரில் போடும் உடுப்பே ஒரு கிலோவை மறைத்துவிடும்.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் குமட்டல், எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை வெறும் ஓங்கரிப்பு, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரமும் நிறமும். ஒரு நாளில் குமட்டல் 6 மணி நேரத்தைத் தாண்டி, வாந்தியும் ஓங்கரிப்பும் தலா 7 தடவையைத் தொட்டால் அது கடுமையின் உச்சப் படி. "ரொம்ப வாந்தி டாக்டர்" என்று சொல்வதைவிட இந்தத் தாளை நீட்டினால் வேலை நடக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது

முதலில் வாசனையை விரட்டுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்த வீட்டில் விறகுப் புகை, தாளிப்பு, மூலையில் தொங்கும் மலைப்பூண்டு எல்லாம் சேர்ந்து நிற்கும். பூண்டை வெளியே மாற்றுங்கள். சமைக்கும் நேரத்தில் கர்ப்பிணி படுத்திருக்கும் அறைக் கதவைச் சாத்தி, அந்த அறை ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். விறகடுப்பில் காய்ச்சிய தண்ணீரில் புகை வாடை ஏறிவிடும். பலருக்குத் தண்ணீர் பிடிக்காமல் போவதே அதனால்தான். மூடி போட்டு கேஸில் காய்ச்சி ஆறவையுங்கள். தேயிலை ஃபாக்டரிக்குப் பக்கத்து லைன் வீடாக இருந்து வாடை தாங்கவில்லை என்றால், சில வாரம் உறவினர் வீட்டுக்கு மாறுவதும் வைத்தியம்தான். நீலகிரித் தைலத்தைக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்வது சிலருக்கு இதமாக இருக்கும், சிலருக்கு அதுவே வாந்தியைக் கிளப்பும். உள்ளுக்கு மட்டும் ஒரு சொட்டும் கூடாது, அது விஷம்.

அடுத்தது, சூடு வேண்டாம். இங்கே வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள் என்று தெரியும். சளி பிடிக்கும் என்பார்கள். ஆவி பறக்கும் உணவுதான் அதிகம் மணக்கும், ஆறிய உணவு மணக்காது. ஆறியதைச் சாப்பிடுவதால் சளியும் வராது, குழந்தைக்குக் கேடும் இல்லை. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் ஆறவைக்கப் பிரிட்ஜ்கூட வேண்டாம், மேசை மேல் வைத்தாலே போதும். ஆறிய கஞ்சி, மோர், தயிர் சாதம், இட்லி, ஆரஞ்சுச் சுளை, சீசனில் பிளம்ஸ் இவற்றில் எது இறங்குகிறதோ அதுவே இன்றைய சத்துணவு. பருப்பு, கீரை, முட்டை என்று இப்போது கட்டாயப்படுத்தாதீர்கள். அவற்றைச் சாப்பிடப் பின்னால் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது.

படுக்கையோரம் பொரியோ ரஸ்க்கோ வைத்து, எழுந்திருப்பதற்கு 20 நிமிடம் முன்பே நாலு வாய் மெல்லச் சொல்லுங்கள். வர்க்கி வேண்டாம்; அதில் உள்ள கொழுப்பு வயிற்றில் தங்கி ஓங்கரிக்க வைக்கும். வெறும் வயிற்றில் கடுந்தேநீரும் வேண்டாம். பகலில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பிடி உணவு போதும். காலி வயிறும் குமட்டும், நிறைந்த வயிறும் குமட்டும்.

தண்ணீரை டம்ளரில் நீட்டாதீர்கள். வாந்தி எடுத்தபின் 20 நிமிடம் விட்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 மேசைக்கரண்டி. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 180 மில்லி போய்விடும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழுதும் 1 லிட்டரில் கரைக்க வேண்டும்; பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு ஏறி வாந்தி கூடும். பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எதுவானாலும் 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்கினால் அமிலத்தில் ஊறிய எனாமல் தேயும். ஒரு கப் தண்ணீரில் 1 தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்துத் துலக்கலாம்.

இஞ்சி லேசான குமட்டலுக்கு உதவும். கடுமையான நோய்க்கு இஞ்சிச் சாற்றை ஊற்றிக்கொண்டு நாள் கடத்துவது தவறு, எரிச்சல்தான் மிஞ்சும்.

மாத்திரை

கர்ப்பத்தில் மாத்திரையே கூடாது என்ற பயம்தான் பலரை டிரிப்ஸ் வரை கொண்டுபோகிறது. டாக்சிலமைனும் பைரிடாக்சினும் (வைட்டமின் பி6) தலா 10 மி.கி. சேர்ந்த மாத்திரைதான் பொதுவாக முதல் மருந்து. பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் எடுத்தது, குழந்தைக்குக் குறை வரவில்லை. வழக்கமாக டாக்டர் இரவில் 2 என்று தொடங்குவார். அடங்காவிட்டால் காலையில் 1, பிறகு மாலை நாலு மணியளவில் 1 என்று கூட்டி, நாளைக்கு 4 வரை போவார். இது மெல்லக் கரையும் மாத்திரை. பொடிக்கவோ கடிக்கவோ கூடாது. வாந்தி வரும்போது மட்டும் போடுவதால் பயன் இல்லை, தினமும் நேரம் தவறாமல் போட வேண்டும். தூக்கம் வரும், அடுப்பருகே கவனம்.

அது போதாவிட்டால் மெட்டோகுளோபிரமைட், புரோமெதசின், ஒண்டான்செட்ரான் போன்றவை. மெட்டோகுளோபிரமைட் போட்டபின் கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலோ, கண் மேலே செருகினாலோ, நாக்கு சுழன்றாலோ மருந்தை நிறுத்தி உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதை முறிக்க ஊசி உண்டு. ஒண்டான்செட்ரானை முதல் மூன்று மாதத்தில் எடுத்தால், பிளவுபட்ட உதடு அல்லது அண்ணத்தோடு பிறக்கும் குழந்தைகள் 10,000க்கு 11 என்பது 14 ஆகலாம். மிகச் சிறிய கூடுதல்தான். தண்ணீர்கூட இறங்காத தாய்க்கு அந்த மருந்தை மறுப்பது சரியல்ல, தெரிந்து எடுத்துக்கொள்வதே சரி. அது மலச்சிக்கல் தரும். மலம் கட்டினால் குமட்டல் கூடும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் தொடரட்டும். இரும்புச் சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டினால் எப்போது தொடங்கலாம் என்று கேட்டுத் தள்ளிப்போடுங்கள்.

எப்போது கிளம்புவது

24 மணி நேரம் எதுவும் தங்கவில்லை. 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அல்லது கடுந்தேநீர் நிறத்தில் ஒரு கை அளவு வருகிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. எடை 5 சதவீதம் குறைந்துவிட்டது. மாத்திரையும் வெளியே வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். வாந்தியில் ரத்தம், வயிற்று வலி, காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் எரிச்சல் இருந்தால் காரணம் மசக்கையாக இல்லாமலும் இருக்கலாம். பத்து வாரம் வரை நன்றாக இருந்துவிட்டு அதன்பின் புதிதாக வாந்தி தொடங்கினாலும் அப்படித்தான். இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் என்றால் பி1 வைட்டமின் தீர்ந்து மூளை பாதிக்கப்படுகிறது என்று பொருள். அது அவசரம்.

காலையில் அறிகுறி தெரிந்தால் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருட்டவிட்டால் பனிமூட்டமும், பந்தலூர்ப் பக்கம் யானையும், ஐப்பசி கார்த்திகையில் மண்சரிவும் குறுக்கே நிற்கும். 108க்குச் சொல்லும்போது எஸ்டேட் பெயரோடு டிவிஷன், லைன், வண்டி வரக்கூடிய கடைசி இடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒருவரை அங்கே நிறுத்துங்கள். இரவில் முடிவெடுக்கத் தெரியாமல் தவித்தால் 104இல் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழி திறந்திருக்கிறதா என்று கிளம்புமுன் விசாரியுங்கள். மசினகுடியிலிருந்து வருபவர்களுக்குக் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. முன் சீட்டில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துவைத்து, தூரச் சாலையைப் பார்க்க வேண்டும், செல்போனை அல்ல. சுயநினைவு மங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாந்தால் வாந்தி மூச்சுக்குழலில் போகும்.

ஆஸ்பத்திரியில்

எடுத்துப் போக வேண்டியது: தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), ஸ்கேன், அந்தக் காலண்டர் தாள்கள், போட்ட மாத்திரைகளின் அட்டை, கம்பளி. எடை, ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு பார்ப்பார்கள். இரட்டைக் கருவா, முத்துப்பிள்ளையா (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடி கொத்துக்கொத்தாக வளர்வது) என்று தெரிய ஸ்கேன் எடுப்பார்கள். சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் கொழுப்பு கரையும்போது வரும் பொருள்) இல்லை என்ற ஒரே காரணத்தால் "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினால், எடை இழப்பைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். கீட்டோனை வைத்து நீர்ச்சத்துக் குறைவை அளக்க முடியாது.

நம் ஊரில் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்க" என்று நாமே கேட்பது வழக்கம். இங்கே அது தவறாகலாம். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் பி1 வைட்டமினும் கரைந்துவிடும். அதனால் முதலில் தயமின் (அதுதான் பி1) 100 மி.கி. ஊசி, கூடவே சாதாரண உப்புக் கரைசல், ரத்தப் பரிசோதனைப்படி பொட்டாசியம் என்பதே முறை. "தயமின் போட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஏறும் நீர் அறைக் குளிரில் இருப்பதால் உடம்பு சில்லிடும், போர்த்துங்கள். பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

நீர் வற்றிய உடம்போடு படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையக்கூடும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ சொல்லாமல் இருக்கக் கூடாது.

வேலை, விடுப்பு

எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்கு, பேறுகால விடுப்புக்கு மேல், கர்ப்பத்தால் வந்த நோய்க்காக ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு சட்டத்தில் உண்டு. கொழுந்து பறிப்பவர்களுக்கும் அது பொருந்தும். டிஸ்சார்ஜ் சீட்டில் "காய்ச்சல்" "பலவீனம்" என்று பொதுவாக எழுதவிடாமல், கர்ப்பத்தால் வந்த மிகை வாந்தி என்று குறிப்பிடச் சொல்லுங்கள். அதன் நகலைத்தான் ஆபீஸில் கொடுக்க வேண்டும். படுக்கையிலேயே வாரங்கள் போய், 12 வாரத்துக்குள் செய்ய வேண்டிய கர்ப்பப் பதிவு விட்டுப்போவதும் உண்டு. கிராம சுகாதார செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியபின்

டிரிப்ஸ் ஏறிய இரண்டு நாள் தெம்பாக இருக்கும். அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் அடுத்த வாரமே மறுபடி சேர்கிறார்கள். டாக்டர் குறைக்கச் சொல்லும் வரை தொடருங்கள். தயமின் மாத்திரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கும். சிலருக்குப் பிரசவம் வரை இழுக்கும். 20 வாரத்துக்கு மேல் தலைவலியோடு வாந்தி வந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவர் அழுவார், இந்தக் கர்ப்பமே வேண்டாம் என்றுகூடச் சொல்வார். அதைக் குற்றமாக எடுக்காமல், அப்படிச் சொன்னதை டாக்டரிடம் தெரிவியுங்கள். மருந்தைக் கூட்டவும் மனநல உதவி தரவும் அவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இந்தத் தடவை எந்த மருந்து எந்த அளவில் கேட்டது என்ற சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை நாள் தள்ளியதும், குமட்டல் தொடங்கக் காத்திராமல், அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போய் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கலாமா என்று கேளுங்கள்.