யாருடைய ஆள் இவன்? வெப் சேர்வரைக் காவல் காக்கையில் விடும் பிழைகள்

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியா கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அவர்களுடைய புக்கிங் தளங்களை ஹட்டனில் இருந்து பார்த்துக்கொள்ளும் எனக்கும் அப்படித்தான். ஒரு சீசனில் "தம்பி, சைட் சுத்திக்கிட்டே கிடக்கு" என்று ஒருவர் போன் எடுத்தார். பார்த்தால் சேர்வரின் சிபியு 100 வீதத்தில் நிற்கிறது. சனம் கூடிவிட்டது என்று நினைத்து, கூடுதல் காசு கட்டிப் பெரிய சேர்வருக்கு மாறினேன். அதுவும் 100இல் போய் நின்றது. அதிகாலை 2 மணிக்கு எந்தச் சனம் ரூம் தேடும் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. பழைய பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) ஒன்றின் ஓட்டை வழியாக எவனோ உள்ளே வந்து, என் செலவில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தான்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் புரொசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) நான் முதல் நாளே பார்த்திருந்தேன். பட்டியலின் உச்சியில் 'கேவேர்க்கர்' என்ற பெயரில் நின்றது. லினக்ஸின் கருவான கேர்னலின் சொந்த வேலையாள் பெயர் அது என்பதால் தாண்டிப் போய்விட்டேன். புரொசஸ் தன் பெயரை விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) புது முகம் ஒன்று நின்றால் பெயரைக் கேட்டுத் திருப்திப்பட்டுவிட மாட்டார்கள்; "எந்தக் கங்காணியோட ஆளு?" என்றுதான் கேட்பார்கள். சேர்வரிலும் கேட்க வேண்டியது அதையே: இதைப் பெற்றது, அதாவது தொடங்கிவைத்தது, எந்தப் புரொசஸ், எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது? உண்மையான கேவேர்க்கர் ரூட் என்ற முழு உரிமைப் பயனரின் பெயரில் ஓடும், அதன் பெற்றோர் 2ஆம் இலக்கப் புரொசஸ். என்னுடையது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' பெயரில் ஓடியது. உபுண்டுவில் வெப் சேர்வருக்கென்றே ஒதுக்கிய 33ஆம் இலக்கப் பயனர் அது. அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், டொம்கட் என்று எந்த வெப் சேர்வரானாலும் வேலை ஒன்றுதான்: கேட்டதை எடுத்துக்கொடுப்பது. அதற்குத் தன் வேலையாட்களைத் தவிரப் பிள்ளைகள் அதிகம் தேவையில்லை. அதன் வயிற்றில் ஒரு ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) பிறந்து, அந்த ஷெல் 'ஹூஆம்ஐ' (நான் எந்தப் பயனர்?) என்று கேட்டால், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத ஒருவன் உள்ளே இருக்கிறான். அடுத்து, இணையத்தில் இருந்து கோப்பை இறக்கும் 'கர்ல்' அல்லது 'டபிள்யூகெட்' ஓடும், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவில் ஏதோ வந்து இறங்கும். விண்டோஸில் அதன் வெப் சேர்வரான ஐஐஎஸ்ஸின் வேலைப் புரொசஸ், அங்கத்து ஷெல்களான சிஎம்டியையோ பவர்ஷெல்லையோ பெற்றெடுக்கும். 2021 மார்ச்சில் மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சேர்வர்களில் வெளிவந்த ஓட்டையும் அதே ஆண்டு டிசம்பரில், ஜாவா நிரல்கள் லொக் எழுதப் பயன்படுத்தும் லொக்4ஜேயில் வெளிவந்த ஓட்டையும் வேறு வேறு. உள்ளே வந்தவர்கள் வெப் சேர்வரின் பெயரில் கட்டளை ஓட்டத் தொடங்கியதும் தெரியும் குடும்ப மரம் ஒரே சாயல்தான்.

இதைப் படித்த கையோடு, வெப் சேர்வருக்குக் கீழ் ஷெல் வந்தாலே மணியடிக்க வைப்பது எதிர்ப்பக்கப் பிழை. நானும் வைத்தேன். ஒவ்வொரு புக்கிங் உறுதி மெயிலுக்கும் மணி அடித்தது, ஏனென்றால் தளம் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் மெயில் வசதி, ஷெல் வழியாகத்தான் மெயில் அனுப்பும் சென்ட்மெயிலைக் கூப்பிடுகிறது. படத்தைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக் ஓடும். ஐஐஎஸ்ஸுக்குக் கீழ் சி ஷார்ப் கம்பைலர் வருவதும் வழமைதான். தொல்லை தாங்காமல் 'ஷெல்லை விட்டுவிடு' என்று விதியை மாற்றினேன். அது கதவைப் பெயர்த்தெடுத்த மாதிரி. விலக்குக் கொடுப்பதானால் பெற்றோர், பிள்ளை, முழுக் கட்டளை, கோப்பு இருக்கும் இடம் நான்கும் பொருந்தினால் மட்டும் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் பொறுத்து எது வழமை என்று எழுதி வைத்த பிறகுதான் என் விதி உருப்பட்டது.

பெற்றோரைப் பார் என்றேன். வந்தவனுக்கும் அது தெரியும். நடுவில் உள்ள ஷெல்லை முடித்துவிட்டால் பிள்ளை அநாதையாகி, முதலில் எழும்பி மற்றச் சேவைகளைத் தொடங்கும் 1ஆம் இலக்கப் புரொசஸான சிஸ்டம்டிக்குக் கீழ் போய்விடும். மரத்தில் பார்த்தால் சிஸ்டம்டியின் சொந்தப் பிள்ளை போலவே இருக்கும். இங்கேதான் பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். அப்பன் பெயர் மாறினாலும் லயத்து (தோட்ட வீட்டு வரிசை) இலக்கம் மாறவில்லை: அது பிறந்த சேவையின் சிகுரூப்பிலேயே (லினக்ஸ் புரொசஸ்களைச் சேர்த்துவைக்கும் குழு) இருக்கும். 'சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ்' ஓட்டினால் அப்பாச்சியின் அல்லது பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் குடும்பத்துக்குள் அது உட்கார்ந்திருப்பது தெரியும். ரூட் உரிமை கிடைத்தவன் இதையும் மாற்றலாம், அது வேறு கதை. குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் க்ரொன் வழியாக எழும்புவது க்ரொனின் குடும்பத்தில் நிற்கும் என்பதால், வெப் பயனரின் க்ரொன் பட்டியலையும் திறந்து பாருங்கள். வெப் பயனருக்குப் பெரும்பாலும் அப்படியொரு பட்டியலே இருக்காது.

கண்ணால் பார்த்துப் பிடிக்கலாம் என்பதும் பிழை. 'ஹூஆம்ஐ' கண் இமைப்பதற்குள் பிறந்து இறந்துவிடும். பதிவு வேண்டும். லினக்ஸில் அதற்கு ஓடிட்டி என்ற பதிவுச் சேவை இருக்கிறது, ஆனால் எங்கிருந்தோ பிரதி எடுத்த விதியை அப்படியே போட்டுவிடாதீர்கள். அவற்றில் பல, லொகின் செய்த பயனர் இலக்கம் 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் எழுது என்கின்றன. இலக்கமே இல்லாததை விட்டுவிடு என்கின்றன. பூட் ஆகும்போதே எழும்பும் வெப் சேர்வருக்கு லொகின் பயனரே கிடையாது. ஆகவே லொகின் செய்தவர்களை எல்லாம் எழுதும் அந்த விதி, நீங்கள் தேடும் ஆளை விட்டுவிடும். வெப் பயனரின் இலக்கத்துக்கென்று தனி விதி போடுங்கள். விண்டோஸில், புரொசஸ் பிறப்பைப் பதியும் 4688 நிகழ்வு, நாம் தனியாகச் சொன்னால்தான் முழுக் கட்டளை வரியைப் பதியும். மைக்ரோசொஃப்டின் தனிக் கருவியான சிஸ்மொனின் 1ஆம் நிகழ்வில் பெற்றோரின் கட்டளையும் சேர்ந்து வரும். லொக்கை வேறொரு இயந்திரத்துக்கும் அனுப்புங்கள். நேரத்தையும் கவனியுங்கள்: என் சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதியது, நான் ஹட்டன் நேரத்தில் தேடினேன். ஐந்தரை மணித்தியாலம் தள்ளியிருந்த வரிகளில் ஒரு முழு இரவைத் தொலைத்தேன்.

பிடித்ததும் கொன்றேன். ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது. மீண்டும் கொன்றேன், மீண்டும் வந்தது. கொன்றதில் ஆதாரமும் போனது. அந்த நிரலின் கோப்பை அவன் அழித்திருந்தாலும், புரொசஸ் உயிரோடு இருக்கும்வரை ஓடும் புரொசஸ்களைக் காட்டும் 'புரொக்' அடைவின் வழியாக அதைப் பிரதி எடுத்திருக்கலாம். இப்போதெல்லாம் முதலில் உறையவைக்கும் சிக்னல் கொடுப்பேன், பிரதி எடுப்பேன், அது பிறந்த நிமிடத்தை ஒட்டி அக்செஸ் லொக்கில் வந்த, தளத்துக்குத் தரவு அனுப்பும் போஸ்ட் கோரிக்கைகளைத் தேடுவேன். கொல்வது அதற்குப் பிறகு.

அந்நிய புரொசஸ் ஒன்றுமில்லை என்றால் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். பிஎச்பியின் சொந்தக் கட்டளைகளாலேயே கோப்புகளை வாசித்துவிடும் வெப் ஷெல் (உள்ளே வந்தவன் தளத்தில் போட்டுவைக்கும் கட்டளைப் பக்கம்), ஒரு பிள்ளையும் பெறாமல் தரவுத்தளக் கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்டதைக் காட்டித்தருவது கோப்பு மாற்றப் பதிவுதான். படம் ஏற்றும் அடைவுக்குள் ஒரு பிஎச்பி கோப்பு கிடந்தால் வேறென்ன சாட்சி வேண்டும்? என் பங்குக்கு, தளத்தைச் சுத்தமான பேக்கப்பில் இருந்து புது இயந்திரத்தில் ஏற்றி, வெப் சேர்வர் வாசிக்கக்கூடிய அத்தனை கடவுச்சொற்களையும் மாற்றினேன். அந்தப் புது இயந்திரம் சீசனுக்கு முந்தைய அளவுதான். ஏப்ரல் முழுக்க 30 வீதத்தைத் தாண்டவில்லை.